பதில் பேச முடியாத நாலு நிமிஷம்

மார்ச் 4, செவ்வாய்

அன்புள்ள அண்ணி,

எப்போதும் நலம் விசாரித்துவிட்டுத்தான் தொடங்குவேன். இன்று முடியாது. அண்ணனுக்குக் குரல்வளையில் புற்றுநோய் என்பதை நான் ஒரு பதிவேட்டில் படித்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கும் இந்த விடுதியில் நான் தொண்டு செய்வது உங்களுக்குத் தெரியும். மூன்று வருடமாக இதைப் பற்றித்தானே உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்! ஞாயிறு மாலை, புதிதாக வருகிறவர்களுக்கு அறைச் சாவி கொடுக்க உட்கார்ந்திருந்தேன். பதினாறாம் எண் அறை, முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு, உடன் வருபவர் யாருமில்லை என்று எழுதியிருந்தது. பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே அண்ணன், கையில் பெட்டியோடு.

ஆறு வருடம், அண்ணி. புருவம்கூட நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான், அவ்வளவுதான். நான் சாவியை மேசையில் வைத்தேன். கையில் கொடுக்கவில்லை, வைத்தேன். எடுத்துக்கொண்டான். "வெந்நீர் ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும்" என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான். "ம்" என்றான். அந்த ஓர் எழுத்துகூட உப்புத்தாளில் தேய்த்தது போல வந்தது.

என் வீடு நாலு தெரு தள்ளி இருக்கிறது. மாடி அறை காலியாகக் கிடக்கிறது. அண்ணன் பொது விடுதியில், பொதுக் குளியலறையில் வரிசையில் நிற்கிறான்.

உடனே போன் செய்யத்தான் நினைத்தேன். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், ஒரே நேரத்தில் அழுவோம், விஷயம் ஓர் அங்குலம் நகராது. அதனால் வழக்கம்போல எழுதுகிறேன். பதில் சொல்லுங்கள்.

கோபத்துடன்,
உங்கள் நாத்தனார்

மார்ச் 8

அன்புள்ள நாத்தனாருக்கு,

கோபப்பட்டு முடித்தாயா? இப்போது கேள்.

வேண்டுமென்றேதான் செய்தேன். அந்த விடுதிக்கு விண்ணப்பம் போட்டது நான். நீ அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. உனக்கு முன்னாலேயே எழுதியிருந்தால் நீ அடுத்த வண்டியைப் பிடித்து இங்கே வந்து நின்றிருப்பாய். உங்க அண்ணனும், "அவ வர்றதா இருந்தா நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகல" என்று சட்டையைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருப்பார். நாம் எல்லோரும் மறைத்துவைத்த உன் அம்மாவின் நோயை அத்தையிடமே நீ சொல்லிவிட்டாய் என்று ஆறு வருடமாக இந்த வீட்டில் உன் பெயரை எடுக்க விடாத மனுஷர். நான் உனக்கு எழுதும் கடிதங்களை 'ஆபீஸ் வேலை' என்று சொல்லித்தான் எழுதுகிறேன்.

பயப்படாதே. ஆரம்ப நிலைதான். முப்பத்து மூன்று நாளும் விடாமல் எடுத்தால் முழுக்கச் சரியாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர். விடாமல் என்பதை மூன்று தடவை சொன்னார்.

நான் கூடவே வந்திருக்க வேண்டும். எங்கள் டிரைவிங் ஸ்கூலில் பதினொரு பேருக்கு டெஸ்ட் தேதி குறித்தாகிவிட்டது. பெண்ணுக்குப் பரீட்சை. நானும் இல்லாவிட்டால் வண்டி நிற்கும். உங்க அண்ணன் இருபது வருடம் ஜன்னல் வழியாகக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்த தொண்டை அது. இப்போது அதே இருக்கையில் நான். கத்துவதில்லை. முறைக்கிறேன், வேலை நடக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீயாகப் போய்ப் பேசாதே. அவராக வாயைத் திறக்கட்டும். நீ முந்தினால் மனுஷர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கண் மட்டும் வைத்துக்கொள்.

உன் அண்ணி

மார்ச் 14, வெள்ளி

அன்புள்ள அண்ணி,

உங்கள் சூழ்ச்சியை மன்னித்துவிட்டேன். எனக்கு முன்பே சொல்லாததை இன்னும் மன்னிக்கவில்லை.

நீங்கள் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரி வேன். நான் படியருகே அட்டையோடு நிற்பேன். ஏறுகிறவர்கள் பெயருக்கு நேரே ஒரு டிக். பிறகு பத்து மணிக்கு நூலகத்தில் என் வேலைக்குப் போய்விடுவேன். இந்த விடுதியில் யாரும் யாரையும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதில்லை, அதற்கு யாரிடமும் நல்ல பதில் கிடையாது. "இன்னைக்கு எத்தனையாவது?" என்றுதான் கேட்போம். "பதினெட்டு!" என்று ஒருவர் விரலை மடக்கிக் காட்டுவார். கதிர்வீச்சை இங்கே எல்லோரும் கரண்டு என்றுதான் சொல்கிறார்கள். ஏழாம் எண் அறையில் ஒரு டீச்சர் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். நேற்று என்னைப் பார்த்து, "இருபத்தஞ்சு. இன்னும் அஞ்சு கரண்டு வச்சா என்னை நேரா கம்பத்துல ஏத்தி விளக்கா எரிய விடலாம்" என்றார். வேன் முழுக்கச் சிரித்தது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான். தோள் குலுங்கியதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அவனிடம் மட்டும் நான் எண் கேட்பதில்லை. அவன் படியில் கால் வைத்ததும் அட்டையைப் பார்த்தபடி டிக் அடித்துவிடுவேன். அவனும் வேன் டயரைப் பார்த்தபடி ஏறிவிடுவான். இரண்டு பேருக்கும் பழகிவிட்டது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு இந்த நாட்கள் பிடித்திருக்கின்றன. அவன் செருப்பு பதினாறாம் எண் வாசலில் கிடப்பதைப் பார்த்தால் மனதுக்குள் ஏதோ ஓர் ஓரம் சரியாகிறது.

நாத்தனார்

மார்ச் 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே எல்லாம் ஓடுகிறது. ஒரு பல் டாக்டர் கார் பழக வருகிறார். ஹாரன் அடித்தால் அவரே பயந்து கண்ணை மூடிக்கொள்கிறார். "டாக்டர், ஹாரன் அடிச்சது நீங்கதான்" என்றேன். "தெரியும்மா, ஆனா திடீர்னு அடிச்சிட்டேன்" என்கிறார்.

உங்க அண்ணன் நேற்று போனில், "எல்லாம் ரொம்ப நல்லாப் போகுது" என்றார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் எதையும் ரொம்ப நல்லாப் போகுது என்று சொன்னதில்லை. சாப்பாடு நன்றாக இருந்தால்கூட "பரவாயில்ல" என்பவர். கொஞ்சம் பார்.

உன் அண்ணி

மார்ச் 21, வெள்ளி

அன்புள்ள அண்ணி,

இதை எழுதுவதற்குக் கூசுகிறது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அண்ணன் கரண்டு எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று நாளும் என் அட்டையில் டிக் இருக்கிறது.

வேனில் ஏறுவான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவான். உள்ளே போகமாட்டான். காய்ச்சல் என்று போனில் சொல்லிவிட்டிருக்கிறான். இன்று காலை வேன் கிளம்பிய பிறகு சிகிச்சை அறையிலிருந்து இயந்திரம் பார்த்துக்கொள்ளும் பெண் விடுதிக்கு போன் செய்து, "பதினாறாம் ரூம்காரருக்குக் காய்ச்சல் விட்டுதா? இன்னைக்காவது வருவாரா? இடைவெளி விடக்கூடாதே" என்றாள். கிடைத்த வண்டியில் ஏறி ஓடினேன்.

ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் ஒரு சிமென்ட் கட்டையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நீங்கள் முந்தக் கூடாது என்று சொன்னது ஞாபகம் இருந்தது. அதற்குள் வாய் முந்திவிட்டது.

"காய்ச்சல் எப்படி இருக்கு?"

ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணனிடம் கேட்ட முதல் கேள்வி. அவன் என்னைப் பார்க்கவில்லை.

"அந்த நீலக் காரைப் பாரு. ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே ரிவர்ஸ் போறான்."

இரண்டு பேரும் அந்தக் கார் தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவனே சொன்னான். முகத்தின் அளவுக்கு அச்செடுத்த பிளாஸ்டிக் வலை ஒன்று இருக்கிறது. அதை முகத்திலிருந்து தோள் வரை போட்டு, தலை அசையாதபடி மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். பூட்டிவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுவார்கள். "ஆயிரம் பேருக்கு பெல்ட்டைப் போடு, பயப்படாதேன்னு சொல்லிக் கொடுத்திருக்கேன். பத்து நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்தேன். திங்கட்கிழமை உள்ள மூச்சே வரல. கையைத் தூக்கினேன், ஓடி வந்து எடுத்துவிட்டாங்க. மறுபடி மாட்டி மிச்சத்தை முடிச்சாங்க. அதோட சரி, இனிமே என்னால ஆகாது. அவகிட்டச் சொல்லிடாதே."

மற்ற எல்லோரிடமும் "எத்தனையாவது?" என்று கேட்கிறவள் இவனிடம் ஒருநாள் கேட்டிருந்தால் போதும். அண்ணனுக்கு நேருக்கு நேர் பொய் சொல்ல வராது, திருதிருவென்று விழித்திருப்பான். முகத்தைப் பார்க்காமல் டிக் அடித்தேன். இது என் தவறு. நோயின் தவறு அல்ல.

உள்ளே இழுத்துப் போனேன். அந்தப் பெண் நல்லவள். "வெளியில இந்த மைக்ல பேசினா உள்ள அவருக்குக் கேக்கும். நாலு நிமிஷம்தான். யாராவது பேசிக்கிட்டே இருந்தா சிலருக்கு பயம் குறையும். அவரால பதில் மட்டும் பேச முடியாது" என்றாள். அண்ணன் என்னைப் பார்த்தான். ஆறு வருடமாகப் பேசாதவளை நாலு நிமிடம் குறுக்கிடாமல் கேட்க வேண்டும் என்றால் யார் முகமும் அப்படித்தான் போகும். படுத்துக்கொண்டான்.

மைக் கையில் வந்ததும் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை, அண்ணி. "அண்ணா, நான்தான்" என்றேன். அப்புறம் வெற்றிடம். எதிர்ச் சுவரில் தீயணைப்புக் கருவி மாட்டியிருந்தது. அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். "ஊசியை இழுக்கவும். குழாயை நெருப்பின் அடிப்பகுதியை நோக்கிப் பிடிக்கவும்." ஏழு தடவை படித்தேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் கை தூக்கவில்லை. பன்னிரண்டாவது முடிந்தது.

சொல்லாதே என்றான். சொல்லிவிட்டேன். இதற்கும் ஆறு வருடம் பேசாமல் இருப்பானோ என்னவோ.

நாத்தனார்

மார்ச் 25

அன்புள்ள நாத்தனாருக்கு,

கடிதத்தை வண்டியில் வைத்துப் படித்தேன். ஸ்டியரிங்கில் பல் டாக்டர். என் காலடியில் இருந்த பிரேக்கை நான் அழுத்தியதில் அவர் நெற்றி கண்ணாடியில் முட்டப் பார்த்தது. "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார். "நீங்க பண்ணல, எங்க வீட்டுக்காரர் பண்ணினார்" என்றேன்.

லிஃப்டில் ஏறாத மனுஷர், நாலு மாடியும் படியேறுகிறவர். அவரை ஒரு கூண்டுக்குள் படுக்கவைக்கப் போகிறார்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? விடாமல் என்று டாக்டர் சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டேன், எப்படி என்று கேட்கவில்லை. உன்னை முந்தாதே என்று கட்டிப்போட்டதும் நான்தான். தவறு முழுவதையும் நீயே எடுத்துக்கொள்ளாதே, எனக்கும் கொஞ்சம் வை.

விட்ட மூன்று நாளையும் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள் என்று டாக்டரிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இனி ஒன்றுகூட விடக்கூடாது என்றார். எனக்குத் தெரியும் என்று உங்க அண்ணனிடம் காட்டிக்கொள்ளவில்லை. நீ பேசு. தினமும் பேசு. தீயணைப்புக் கருவி தீர்ந்துபோனால் என் கடிதத்தைப் படி.

உன் அண்ணி

ஏப்ரல் 5, சனி

அன்புள்ள அண்ணி,

நேற்று இருபத்திரண்டாவது. ஒன்றும் விடவில்லை. நூலகத்தில் ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதி வாங்கியிருக்கிறேன். தினமும் வேனில் நானும் போகிறேன். குரல் அநேகமாகப் போய்விட்டது. தொண்டை வெந்து, சூப்பும் பாலும்தான் இறங்குகின்றன. வேண்டியதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காட்டுகிறான். டீச்சர் ஊருக்குப் போகும் முன் அதை வாங்கிப் பார்த்து எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

மைக்கில் இப்போது எனக்குப் பஞ்சமில்லை. பல் டாக்டர் கதையைச் சொன்னேன். நூலகத்துக்கு வரும் புகார்களைச் சொன்னேன். என் வீட்டுக் குழாய் ஒழுகுவதைச் சொன்னேன். கதவு திறந்து வெளியே வரும்போது முகம் முழுக்க வலையின் கட்டம் பதிந்திருக்கும். ஒரு வார்த்தையும் எழுதிக் காட்டமாட்டான். ஆனால் மறுநாள் படுக்கும் முன் மைக் இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்வான்.

வியாழக்கிழமை அம்மாவைப் பற்றிச் சொன்னேன்.

திட்டமிடவில்லை. குழாய்க் கதை பாதியில் முடிந்துவிட்டது, இரண்டு நிமிடம் மீதி இருந்தது. உங்களிடம்கூட நான் சொல்லாதது இது. அம்மாவிடம் நானாகப் போய்ச் சொல்லவில்லை. ஒரு மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அம்மாதான் கேட்டாள். "எனக்கு வயித்துப் புண் இல்லைன்னு எனக்குத் தெரியும். அவன்கிட்டக் கேட்டா அவன் தாங்கமாட்டான். அதான் உன்கிட்டக் கேக்கறேன். நான் கேட்டேன்னு அவன்கிட்டச் சொல்லிடாதே." நான் சொன்னேன். அம்மா அடுத்த சிகிச்சை வேண்டாம் என்று வீட்டுக்கு வந்தாள், இரண்டு மாதத்தில் போய்விட்டாள். நீ சொன்னதால்தான் போனாள் என்றான் அண்ணன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக நான் வாயைத் திறக்கவில்லை.

இது வரைக்கும் கேட்டால் நான் நல்லவள். மீதியையும் மைக்கில் சொன்னேன். உண்மையை அம்மாவிடம் மறைத்துச் சுமந்து நான் களைத்துப் போயிருந்தேன். அம்மா கேட்டபோது, அப்பாடா, இறக்கி வைக்க இடம் கிடைத்தது என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அம்மா கேட்காமல் இருந்திருந்தாலும் நான் எத்தனை நாள் தாங்கியிருப்பேனோ தெரியாது. அவன் கோபத்தில் பாதி நியாயம்தான் என்று சொல்லி முடிக்கவும் மணி அடித்துக் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

வெளியே வந்தான். நோட்டை எடுத்தான். 'வேன் போயிடுச்சா?' என்று எழுதிக் காட்டினான்.

முதலில் சுருக்கென்றது. இரண்டு நாள் யோசித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேனைப் பற்றி விசாரிக்கிறான் என்றால், அதுவே மன்னிப்புதான் என்று முடிவு செய்துகொண்டேன். நன்றாகத் தூங்குகிறேன், அண்ணி.

நாத்தனார்

ஏப்ரல் 26

அன்புள்ள நாத்தனாருக்கு,

முப்பத்து மூன்றையும் முடித்து ஆளைப் பத்திரமாக அனுப்பிவைத்தாய். நான் இனி என்ன எழுதினாலும் அதற்கு ஈடாகாது, அதனால் எழுதவில்லை. கழுத்து கன்றிப்போயிருக்கிறது. சத்தம் காற்றாகத்தான் வருகிறது. ஆனால் பாலில் ஊறவைத்த ரொட்டி இரண்டு துண்டு இறங்கியது. மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை. டாக்டர் முகம் தெளிவாக இருந்தது, எனக்கு அது போதும்.

இப்போது நீ உட்கார்ந்துகொள். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

வந்த மறுநாள் அவராகவே உன் பேச்சை எடுத்தார். ஆறு வருடம் கழித்து இந்த வீட்டில் 'தங்கச்சி' என்ற சொல் கேட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். "மைக்ல தினமும் என்னதான் பேசினா?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்?" என்றார், காற்றுக் குரலில். "அந்த வலை காதை அமுக்கிடும். மிஷின் வேற உர்ருன்னு ஓடும். அவ பேசற வேகத்துக்கு வெளியிலயே பாதி புரியாது. ஒரு நாள்கூட ஒரு வார்த்தை புரியல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதை அவகிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னதும் அவ பேசறதை நிறுத்திட்டான்னா?"

அப்புறம் நோட்டை எடுத்து எழுதினார். அப்படியே தருகிறேன்: 'சின்ன வயசுல ஜுரம் வந்து படுத்திருப்போம். அம்மா பக்கத்து ரூம்ல யார்கூடவோ பேசிக்கிட்டிருப்பாங்க. என்னன்னு புரியாது. ஆனா ஆள் இருக்குன்னு தெரியும். அந்தக் குரல் அப்படியே இவளுக்கு வந்திருக்கு. எனக்கு அது போதுமா இருந்துச்சு.'

நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவ ஒன்றும் இல்லை, கழுவியதையே கழுவினேன்.

ஆக, அத்தை கேட்டது அவருக்குத் தெரியாது. நீ சொன்ன எதுவும் தெரியாது. அதெல்லாம் தெரியாமலேதான் உன்னைத் தங்கச்சி என்றார். நீ எழுதியதை நான் அவரிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. அது என் வாயிலிருந்து வரவேண்டியது இல்லை. நீ வா. எப்போது வருகிறாய்?

உன் அண்ணி

ஏப்ரல் 30, புதன்

அன்புள்ள அண்ணி,

நூலகத்தில் வைத்துப் படித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். நான் மாட்டி வைத்த 'அமைதி' பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து சிரித்ததை எல்லோரும் பார்த்தார்கள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்திருப்பார்கள்.

இருபத்திரண்டு நாள் என் குழாய் ஒழுகலை அவன் ஒரு வார்த்தை புரியாமல் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான். நானாகவே அவன் என்னை மன்னித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அதை நம்பி, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்! வெட்கமாக இருக்க வேண்டும். இல்லை. உங்கள் கடிதத்தை மடித்து வைத்த பிறகும் லேசாகத்தான் இருக்கிறது.

இன்று காலை பதினாறாம் எண் அறைக்குப் புதிதாக ஓர் அம்மா வந்தார். முகத்தைப் பார்த்துத்தான் சாவியைக் கொடுத்தேன், கையில்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். விடுப்பு இருக்கிறது, நாளைக்கே கிளம்பலாம். ஆனால் வரமாட்டேன். யோசித்துப் பார்த்தால், போன தடவை அம்மா விஷயத்தை அவன் முகத்தைப் பூட்டிவைத்துவிட்டு, அவனால் பதில் பேச முடியாது என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறேன். அது அவனுக்குக் கேட்காமல் போனதே நல்லது. இந்த முறை அவன் எதிரே உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையும் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அவனுக்குக் கோபம் வந்தால், வாய்விட்டுத் திட்ட அவனுக்குக் குரல் இருக்க வேண்டும்.

அதனால் வெந்நீரும் ஓய்வும் கொடுத்து அந்தத் தொண்டையைத் தேற்றுங்கள், அண்ணி. வண்டியில் யாராவது தப்பாக கியர் மாற்றும்போது தெரு முனை வரை கேட்கும்படி அவன் எப்போது கத்துகிறானோ, அன்றைக்கு எனக்கு எழுதுங்கள். கடிதம் வந்த அன்றே கிளம்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்